குளிர்நிலைத் தொடக்கம் (தானுந்து)

குளிர்நிலைத் தொடக்கம் என்பது பல மணி நேரம் ஓடாமல் நின்று, சுற்றுப்புற வெப்பநிலைக்கு ஆறிவிட்ட தானுந்துப் பொறியை மீண்டும் இயக்குவதைக் குறிக்கும். இங்கு "குளிர்" என்பது பனியை மட்டும் சுட்டுவதன்று. ஓடும் பொறியின் குளிர்விப்பு நீர் ஏறத்தாழ 90 °செ வெப்பத்தில் இருக்கும். ஆகவே 25 °செ உள்ள காலைப்பொழுதும் பொறிக்குக் குளிர்நிலையே. தமிழ்நாட்டின் சமவெளியிலும் மலையடிவாரத்திலும் காலையில் வண்டி கிளம்பாத சிக்கல் எழுவதுண்டு. ஆனால் அதன் காரணம் பெரும்பாலும் குளிர்நாடுகளில் உள்ள காரணமன்று.

பொறி தயங்குவது ஏன்

மசகெண்ணெய் குளிரில் தடித்துப் பொறியின் சுழற்சியைத் தடுக்கிறது. அதே வேளையில் ஈய-அமில மின்கலத்தில் (பேட்டரி) வேதிவினை மெதுவாவதால் அது தரும் மின்னோட்டம் குறைகிறது. அதாவது, தொடக்கி மோட்டாருக்கு வேலை கூடும்போது அதற்குக் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. 20W-40 போன்ற எண்ணெய்க் குறியீடுகளில் உள்ள W என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறிதாயின், எண்ணெய் குளிரிலும் எளிதாக ஓடும். மின்கலத்தின் குளிர்த் தொடக்கத் திறன், −18 °செ வெப்பநிலையில் 30 நொடிகளுக்கு, மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் அது தரக்கூடிய மின்னோட்டத்தால் அளவிடப்படுகிறது.

திரவ பெட்ரோல் எரியாது, அதன் ஆவியே எரியும். குளிர்ந்த பொறியில் பெட்ரோல் குறைவாகவே ஆவியாவதால், தொடங்கும்போது கூடுதல் எரிபொருள் தேவை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் 'சோக்' குமிழை இழுத்துக் காற்றைக் குறைத்து இதனைச் செய்தனர். எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகளில் கணினியே, குளிர்விப்பு நீரின் வெப்ப உணரி தரும் அளவைக் கொண்டு இதனை முடிவு செய்கிறது. இந்த உணரி பழுதாகிக் குளிர்ந்த பொறியைச் சூடானதாகக் காட்டினால், வண்டி காலையில் மட்டும் கிளம்ப மறுக்கும். பகலில் எந்தக் குறையும் தெரியாது.

டீசல் பொறியில் தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. இவ்வெப்பம் போதாதபோது உதவ 'குளோ பிளக்' எனப்படும் முன்சூடாக்கிகள் உள்ளன. கருவிப் பலகையில் சுருள் வடிவ விளக்கு அணைந்த பின்பே சாவியை முழுதாகத் திருப்ப வேண்டும்.

கீரிப்பாறையும் உதகையும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த கீரிப்பாறை, அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் உள்ள பகுதியாகும். இங்கு வெப்பநிலை உறைநிலையை நெருங்குவதில்லை. ஆனால் இம்மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவதால் ஈரம் மிகுதி. மரங்களுக்கடியில் இரவு முழுவதும் நிற்கும் பழைய பெட்ரோல் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ உயரழுத்தக் கம்பியிலோ நுண்ணிய வெடிப்பு இருந்தால், படிந்த ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்துவிடும். ஸ்பார்க் பிளக்கில் பொறி எழாது. இருட்டில் முன்மூடியைத் திறந்து வைத்து மற்றொருவர் சாவியைத் திருப்பினால், கசியும் இடத்தில் நீலநிற ஒளி தெரியும். அப்போது கம்பிகளைத் தொடலாகாது. சாவியை அணைத்த பின் உலர்ந்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும். வெடித்த பகுதியை மாற்றுவதே நிலையான தீர்வு.

உதகமண்டலத்தின் நிலை வேறு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள அங்கு திசம்பர், சனவரி மாதங்களில் உறைபனி விழுவதுண்டு. காற்றழுத்தமும் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் சிக்கலின்றி ஓடிய டீசல் வண்டி அங்கு ஓரிரவு நின்றபின் தயங்குவதற்கு இவ்விரண்டும் காரணமாகலாம்.

குறையைக் கண்டறிதல்

முதலில் ஒலியைக் கவனிக்க வேண்டும். பொறி மெதுவாக, இழுத்து இழுத்துச் சுழன்றாலோ 'டக் டக்' என்ற ஒலி மட்டும் வந்தாலோ குறை பெரும்பாலும் மின்கலத்திலோ அதன் முனைகளிலோ இருக்கும். வழக்கமான வேகத்தில் சுழன்றும் பற்றவில்லையெனில் எரிபொருளையும் பற்றவைப்பையும் ஆராய வேண்டும். இந்த வேறுபாட்டைப் பாராமல் புதிய மின்கலம் வாங்குவது வீண்செலவு.

முழுதும் மின்னேற்றிய 12 வோல்ட் மின்கலம் ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். பொறியைச் சுழற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது வலுவிழந்திருக்கலாம். முனைகளில் பூத்த வெண்பச்சைப் படிவைச் சுத்தம் செய்து இறுக்கியபின் மீண்டும் அளப்பது நல்லது. மின்கலத்தின் ஆயுளைக் குறைப்பதில் குளிரைவிட வெயிலுக்கே பங்கு அதிகம். மே மாத வெயிலில் நேர்ந்த கேடு மார்கழியில் வெளிப்படும்.

தொடக்கி மோட்டாரை ஒரு முறைக்குப் பத்து நொடிகளுக்கு மேல் இயக்காமல், இடையில் அரை நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். பெட்ரோல் மணம் வீசினால் பொறி எரிபொருளில் நனைந்துள்ளது எனக் கொள்ளலாம். பல வண்டிகளில் முடுக்கியை முழுதாக மிதித்துச் சுழற்றினால் எரிபொருள் நின்று பொறி உலரும்.

எச்சரிக்கைகள்

மற்றொரு வண்டியின் மின்கலத்துடன் இணைக்கையில் நேர்முனைகளை முதலில் இணைக்க வேண்டும். அடுத்து, உதவும் மின்கலத்தின் எதிர்முனையில் பொருத்திய கம்பியின் மறுமுனையை, கிளம்பாத வண்டியின் மின்கலத்துக்கு எட்டியுள்ள பொறியின் உலோகப் பகுதியில் பொருத்த வேண்டும். மின்கலம் வெளியிடும் ஐதரசன் அருகே தீப்பொறி எழாமலிருக்கவே இவ்வொழுங்கு. தள்ளிக் கிளப்புவது தானியங்கிப் பல்லிணை வண்டிகளில் இயலாது. வினையூக்கி மாற்றி உள்ள வண்டிகளில் எரியாத பெட்ரோல் அதனைச் சேதப்படுத்தக்கூடும்.

மூடிய கொட்டகையில் பொறியைச் சூடேற விடுவது உயிருக்கே ஆபத்தானது. குளிர்ந்த பொறி மிகுதியான எரிபொருளை அரைகுறையாக எரிப்பதாலும், வினையூக்கி மாற்றி சூடாகும்வரை வேலை செய்யாததாலும், முதல் சில நிமிடங்களில் கார்பன் மோனாக்சைடு அதிகமாக வெளிவரும். நிறமும் மணமும் அற்ற இவ்வாயுவை உள்ளிருப்பவர் உணரமாட்டார். கதவைத் திறந்து வைப்பது போதாது. கிளம்பியவுடன் வண்டியை வெளியே கொண்டுவர வேண்டும். நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடவிடத் தேவையும் இல்லை. மெதுவாக ஓட்டினாலே பொறி விரைவில் சூடாகும்.

பிற இடங்களில்

1912 ஆம் ஆண்டு காடிலாக் வண்டிகளில் மின்தொடக்கி வருமுன் கைப்பிடியால் சுழற்றியே பொறிகளைக் கிளப்பினர். தமிழர் பலர் வாழும் கனடாவில், கடுங்குளிர்ப் பகுதிகளில் இரவில் வீட்டு மின்சாரத்தால் பொறியைச் சூடாக வைத்திருக்கும் சூடாக்கிகள் பயன்படுகின்றன. எத்தனால் குளிரில் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலால் பிரேசிலின் எத்தனால் வண்டிகள் பலவற்றில் தொடக்கத்துக்கென்றே சிறு பெட்ரோல் தொட்டி வைக்கப்பட்டிருந்தது. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். இதற்காக 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கில் −33 °செ வரை உறையாத குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது.