கணக்கில் வராத கனி: சித்தூர் மாம்பழமும் உணவு இழப்பின் வரலாறும்

உணவு இழப்புக்குக் குளிர்பதனக் கிடங்கு இல்லாமையும் பதப்படுத்தும் ஆலை இல்லாமையுமே காரணம் என்று கூறுவது வழக்கம். காணிப்பாக்கம் அமைந்துள்ள சித்தூர் மாவட்டத்தின் வரலாறு, இவ்விளக்கம் போதாது என்பதைக் காட்டுகிறது.

1911இல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர், சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1876–78 பெரும் பஞ்சம் அம்மாவட்டத்தையும் வாட்டியது. அக்காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் தானியம் வந்திறங்கியது. இருப்புப்பாதை அதை உள்நாட்டுக்குச் சுமந்து சென்றது. ஆயினும், ஏறிய விலைக்கு வாங்கும் ஆற்றல் அற்றவர்கள் மடிந்தனர். போக்குவரத்து இருந்தது, உணவின் மீது உரிமைதான் இல்லை.

2025இல் அதே மண்ணில் நிலைமை தலைகீழானது. கிளிமூக்கு, பெங்களூரா என்று தமிழகத்தில் அறியப்படும் தோத்தாபுரி மாம்பழம் அமோகமாக விளைந்தது. இது பெரும்பாலும் கூழாகி ஏற்றுமதியாகும் இரகம். இந்தியாவின் முதன்மையான மாங்கூழ் ஆலைத் தொகுதிகள் சித்தூரிலும் கிருஷ்ணகிரியிலுமே உள்ளன. ஆலைகளில் முந்தைய ஆண்டின் கூழே தேங்கிக் கிடந்ததால் கொள்முதல் தளர்ந்து, விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என ஆந்திர அரசு அறிவித்தது. ஜூனில் அண்டை மாநிலப் பழங்களுக்குச் சித்தூரில் தடை விதிக்கப்பட, கருநாடக முதல்வர் எதிர்ப்புத் தெரிவித்தார். அறிவித்த விலை கிடைக்கவில்லை என்று முறையிட்ட உழவர்கள் சாலையோரங்களில் பழங்களைக் கொட்டினர்.

ஆலை இல்லாததால் நேர்ந்த இழப்பன்று இது. ஆலையை மட்டுமே நம்பி ஒற்றை இரகத்தைப் பயிரிட்டதால் நேர்ந்தது.

உலகக் கணக்கேடுகள் இதை எங்கே பதிவு செய்யும்? அறுவடைக்குப் பின், சில்லறை விற்பனைக்கு முன் சுமார் 14 விழுக்காடு உணவு இழக்கப்படுவதாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2019இல் மதிப்பிட்டது. கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் 2022இல் 105 கோடி டன் வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் கூறியது. பறிகூலிக்கும் கட்டுப்படியாகாமல் மரத்திலேயே விடப்படும் பழம் இவ்விரண்டிலும் இடம்பெறாது.

வளங்குன்றா வளர்ச்சி இலக்கு 12.3, நுகர்வோர் நிலையில் விரயத்தை 2030க்குள் பாதியாக்கச் சொல்கிறது. உற்பத்தி நிலையின் இழப்பைக் ‘குறைக்க’ மட்டுமே சொல்கிறது, அளவு குறிக்கவில்லை. உழவரின் இழப்பு, இலக்கிலும் எண்ணாகவில்லை.