பட்டத்தின் பெயரும் ஆய்வின் களமும்: பல்துறை ஆய்வுத் துறைகளில் ஆசிரியர் பின்புலம்

புதுக்கோட்டை சமஸ்தான அருங்காட்சியகத்தின் காப்பாளராகப் பணியாற்றிய கே.ஆர். சீனிவாசன் கல்லூரியில் படித்தது தாவரவியல். தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களையும் தாழிக்காடுகளையும் தமிழ் இலக்கியச் சான்றுகளோடு பொருத்தி அவர் எழுதிய கட்டுரை, 1946-இல் இந்தியத் தொல்லியல் துறையின் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் வெளிவந்தது. பல்லவர் குடைவரைகள் பற்றிய அவரது நூல் 1964-இல் வந்தது. இரண்டையும் தவிர்த்துவிட்டு அத்துறையில் எவராலும் இன்றும் எழுத முடிவதில்லை. ஆனால் தாவரவியல் முதுகலையோடு அப்படி ஒருவர் இன்று தொல்லியல் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தால், பெரும்பாலும் தகுதிச் சரிபார்ப்பிலேயே அது நின்றுவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள், குறித்த பாடத்திலோ அதற்குத் தொடர்புடைய பாடத்திலோ முதுகலைப் பட்டம் கேட்கின்றன. எது தொடர்புடையது என்பதைப் பல இடங்களில் முடிவு செய்வது அலுவலகக் கோப்புதான்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பல்துறைக் கல்வியை வலியுறுத்துகிறது. ஆனால் துறைகள் அமைக்கப்படும் முறையில் எனக்கு அடிப்படையான கருத்து வேறுபாடு உண்டு. பொருளியலில் ஒருவர், சமூகவியலில் ஒருவர், சூழலியலில் ஒருவர் என்று சேர்த்துவிட்டால் பல்துறை வந்துவிட்டதாகக் கொள்கிறோம். அவரவர் தத்தம் தாளை நடத்திவிட்டுப் போகிறார்கள். அவற்றை இணைக்கும் பாரம் முழுவதும் மாணவர் தலையில் விழுகிறது. முப்பது ஆண்டுப் பயிற்சியுள்ள ஆசிரியர்கள் செய்யாத இணைப்பை இருபத்திரண்டு வயது மாணவரிடம் எதிர்பார்ப்பது அநீதி.

இதற்கு மாறான ஒரு முயற்சியும் நடந்தது. 1981-இல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, முதல் துணைவேந்தர் வ.ஐ. சுப்பிரமணியம் மொழியியலாளர். கல்வெட்டு, ஓலைச்சுவடி, கட்டடக் கலை, சித்த மருத்துவம், கடல்சார் தொல்லியல் ஆகியவை அங்கே ஒரே வளாகத்துக்குள் வந்தன. வளாகம் ஒன்றானதால் மட்டும் துறைகள் கலந்துவிடவில்லை. கலந்த இடம் களம். அப்பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கிய கொடுமணல் அகழாய்வை எடுத்துக்கொள்வோம். நொய்யல் கரைக் குழிகளில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானையோடுகளும் இரும்பு உருக்கிய உலைகளும் மணி செய்த கற்களும் கிடைத்தன. எழுத்தறிந்தவர், உலோகமறிந்தவர், கல்லறிந்தவர் மூவரும் தேவைப்பட்டார்கள். அதில் முக்கியப் பங்கு வகித்த எ. சுப்பராயலு சோழ நாட்டின் அரசியல் புவியியலை ஆராய்ந்தவர். கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயரை நிலப்படத்தில் வைத்துப் பார்க்கப் பழகியவர். நொபொரு கராஷிமா, தோரு மட்சுய் ஆகியோரோடு அவர் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயர்த்தொகுதி 1978-இல் வந்தது. தனித்தனிக் கல்வெட்டாகப் படித்தபோது தெரியாத சமூக அமைப்பை, பெயர்களை எண்ணித் தொகுத்துப் பார்ப்பதன் வழியே காண அது வழி செய்தது. ஒரே ஆய்வாளருக்குள் இரண்டு வகைச் சான்றுகள் சந்திக்கும்போதுதான் புதிய கேள்வி பிறக்கிறது என்பதே என் வாதம்.

அப்படியானால் பட்டத்தையே பார்க்க வேண்டாமா என்று கேட்கப்படும். இந்த அச்சம் நியாயமானது. விதியைத் தளர்த்தினால் ஆழமற்றவர்களும் வேண்டியவர்களும் நுழைவார்கள். 2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு, தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ எந்தப் பாடத்தில் உள்ளதோ அந்தப் பாடத்தில், முந்தைய பட்டம் வேறாக இருந்தாலும், ஆசிரியராகலாம் என்றது. நல்ல திசைதான். எனினும் அதுவும் ஒரு பட்டத்துக்குப் பதில் இன்னொரு சான்றிதழையே கேட்கிறது. தேர்வுக் குழு விண்ணப்பதாரரின் எழுத்தைப் படிக்க வேண்டும். ஒரு முறையியலில் அவர் உறுதியாக நிற்கிறாரா, இன்னொரு துறையின் சான்றை அத்துறையினரே ஏற்கும்படி கையாண்டிருக்கிறாரா என்ற இரண்டையும் எழுத்தில்தான் காண முடியும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கந்தர்வக்கோட்டையை ஆய்வுப் பொருளாக வைத்துப் பார்க்கலாம். செம்மண் நிலம், முந்திரி, நிலக்கடலை, மாவட்டம் முழுக்கப் பரவிய தைலமரக் காடு. தைலமரம் கண்மாய்க்கு வரும் நீரைக் குறைக்கிறதா என்ற விவசாயியின் கேள்விக்கு நீரியல் மட்டும் விடை தராது. வரத்து வாய்க்கால் யாருடைய பொறுப்பில் இருந்தது, எப்போது கைவிடப்பட்டது என்று தெரிய வேண்டும். அதற்கான ஆவணமும் ஒரே இடத்தில் தேடக்கூடியதல்ல. கந்தர்வக்கோட்டை முன்பு தஞ்சை மாவட்டத்து ஜமீன். பக்கத்திலேயே 1948 வரை தனி அரசாக இருந்த புதுக்கோட்டை. 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் இரண்டும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன. ஜமீன் கணக்கைப் படிக்கத் தெரிந்த மண்ணியலாளரோ, நிலத்தடி நீர்மட்ட அளவீட்டைப் புரிந்துகொள்ளும் வரலாற்றாளரோ இங்கே தேவை. அவரை உருவாக்கும் துறை, அவருக்கு எந்தப் பாடத்தின் பெயரில் பட்டம் கொடுக்கும்? அந்தப் பெயரோடு அவர் எந்தக் கல்லூரியில் வேலை கேட்பார்? ஆசிரியர் நியமன விதியும் மாணவருக்குத் தரும் பட்டத்தின் பெயரும் ஒருசேர மாற்றப்பட வேண்டும். முதலாவதை மட்டும் மாற்றினால், அத்துறையில் படித்து வெளிவரும் முதல் தலைமுறை அதே சரிபார்ப்பு மேசையில் போய் நிற்கும்.