டூர் புரோகிராமும் விபத்தும்: பணிப்பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

பணிப்பயணப் பாதுகாப்பு என்றதும் நிறுவனங்களின் பேச்சு வெளிநாட்டுப் பயணத்துக்குத் தாவிவிடுகிறது. விசா, மருத்துவக் காப்பீடு, கலவரம் வந்தால் ஆளை மீட்டுக் கொண்டுவரும் ஏற்பாடு என்று கவனமெல்லாம் அங்கேதான். 2021 இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 31030 என்ற பயண இடர் மேலாண்மை வழிகாட்டி உள்ளூர்ப் பயணத்தை விலக்கவில்லை. ஆனாலும் அதைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் விமானத்தில் பறப்பவர்களுக்காகவே எடுக்கிறார்கள். இந்தியாவில் வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றுபவர்களில் மிகப் பலர் போவது பைக்கில். 2022 இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இவர்களில் எத்தனை பேர் நிறுவன வேலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்? ஒன்றிய அரசின் சாலை விபத்து அறிக்கையில் அப்படியொரு பிரிவே இல்லை.

பிரிவு இல்லாமற்போனதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. பணிப்பயண விபத்தைச் சாலையில் நடக்கும் நிகழ்ச்சியாக மட்டுமே பார்க்கப் பழகிவிட்டோம். ஆபத்தின் பெரும்பங்கு அதற்கு முன்பே, பயணத் திட்டமும் படி விகிதமும் முடிவாகும் மேசையில் உருவாகிவிடுகிறது என்பதும், நம் இழப்பீட்டுச் சட்டங்கள் அந்த மேசைப் பக்கம் திரும்புவதே இல்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மருந்து விற்பனைப் பிரதிநிதியை (‘ரெப்’) எடுத்துக்கொள்வோம். அவருடைய மாதம் டூர் புரோகிராமில் தொடங்குகிறது. எந்தத் தேதியில் எந்த ஊர் என்று அவர் எழுதித் தருவார். ஏரியா மேனேஜர் ஒப்புதல் தருவார். ஊர்கள் பொதுவாக மூன்று வகை: தங்கியிருக்கும் ஊர் ஹெட்குவார்ட்டர்ஸ், போய்விட்டு அன்றே திரும்ப வேண்டியது எக்ஸ்-ஸ்டேஷன், இரவு தங்கலாம் என்பது அவுட்-ஸ்டேஷன். தினப்படி இந்த வரிசையில் ஏறும். லாட்ஜ் வாடகை கடைசி வகைக்கு மட்டும். எந்த ஊர் எந்த வகை என்பதை நிறுவனம் பெரும்பாலும் கிலோமீட்டரை வைத்து முடிவு செய்கிறது. மருத்துவர் எத்தனை மணிக்குப் பார்க்கக் கிடைப்பார் என்பதை வைத்து அல்ல.

சேலத்தை ஹெட்குவார்ட்டர்ஸாகக் கொண்டவருக்கு ஆத்தூர் சுமார் 50 கிலோமீட்டர். எந்தக் கணக்கில் பார்த்தாலும் எக்ஸ்-ஸ்டேஷன்தான். ஆனால் சிற்றூர்க் கிளினிக்குகளில் மாலை ஓ.பி. முடிந்த பிறகே ரெப்புகளை உள்ளே விடுவார்கள். கடைசி நோயாளி எழுந்து போக இரவு ஒன்பது, ஒன்பதரை ஆகும். அதற்குப் பிறகு அவர் பைக்கை எடுத்து ஏறுவது சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில். நான்கு வழியாக வந்த அந்தச் சாலை ஆத்தூர், வாழப்பாடி புறவழிகளில் பல ஆண்டுகள் இரண்டு வழியாகச் சுருங்கிக் கிடந்தது. நேருக்கு நேர் மோதல்களுக்கு அந்த இடங்கள் பேர்போனவை. ‘இரவில் வண்டி ஓட்டச் சொல்லி நாங்கள் உத்தரவு போடவில்லையே’ என்று நிறுவனம் சொல்லும். உண்மைதான், எழுத்தில் அப்படி ஓர் உத்தரவும் இராது. ஆத்தூரை எக்ஸ்-ஸ்டேஷன் பட்டியலில் வைத்ததே போதும்.

சட்டத்துக்கு வருவோம். 1976 ஆம் ஆண்டின் விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம், 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை இவர்களுக்கும் பொருத்தியது. ‘வேலையின் போக்கில், வேலையின் விளைவாக’ நேர்ந்த விபத்தா என்பதே அந்தப் பழைய சட்டத்தின் மையக் கேள்வி. ஓடையைப் படகில் கடக்கையில் இறந்த உப்பளத் தொழிலாளர்களின் குடும்பத்துக்கு 1958 இல் இழப்பீட்டை மறுத்த உச்ச நீதிமன்றம், 1963 இல் பம்பாயில் பணி முடிந்து நிறுவனப் பேருந்திலேயே வீடு திரும்பிய ஓட்டுநரின் குடும்பத்துக்கு வழங்கியது. பணியிடத்தின் எல்லை வாசலைத் தாண்டி எவ்வளவு தூரம் நீளும் என்ற வழக்காடலிலேயே நம் நீதிமுறை அரை நூற்றாண்டுக்கு மேல் உழன்றிருக்கிறது. சாலையே பணியிடமாக உள்ளவருக்கு அந்த எல்லைத் தகராறு பெரிதாக எழுவதில்லை. சிக்கல் வேறொன்று.

அது தொகையில் தொடங்குகிறது. 2020 ஜனவரி அறிவிக்கையின்படி, 1923 சட்டத்தின் கணக்கில் மாத ஊதியம் எவ்வளவு கூடுதலாயினும் 15,000 ரூபாய் என்றே கொள்ளப்பட்டது. 30 வயதில் இறப்பவருக்குக் காரணி 207.98. ஊதியத்தில் பாதியை அதனால் பெருக்கினால் சுமார் 15.6 லட்சம் வரும். மாதம் 40,000 வாங்கிய அதே மனிதருக்கு நிலையான வேலை, நம்பியிருப்போர் இருவர் அல்லது மூவர் என்று வைத்துக்கொண்டால், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தின் கணக்கில் 80 லட்சம் வரை போகலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 167 ஆம் பிரிவோ இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள விடுகிறது. லாரியோ காரோ மோதியிருந்தால் எந்த வழக்கறிஞரும் குடும்பத்தைத் தீர்ப்பாயத்துக்கே அனுப்புவார். அதில் குறை காண ஒன்றுமில்லை. அங்கே எதிர்மனுதாரர்கள் வாகன உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும். வேலைக்கு அனுப்பியவர் படியேற வேண்டியதில்லை. வண்டி தானாகச் சறுக்கி விழுந்திருந்தால், 2025 வரை 1923 சட்டம் இருந்தது. அது எவர் தவறையும் விசாரிக்காமல் தொகையைக் கணக்கிட்டுத் தந்தது. ஆக, ஒரு வழி ஓட்டுநரின் தவறை மட்டும் கேட்கிறது, மற்றது யாருடைய தவறையும் கேட்கவில்லை. டூர் புரோகிராம் இரண்டு கோப்பிலும் சேராமலே வழக்கு முடிந்துவிடுகிறது.

பிரிட்டனில் பிரபுக்கள் அவை 1989 இல் தீர்த்த வழக்கொன்று இதே முடிச்சைத் தொடுகிறது. மின்நிலையக் குழாய்களுக்கு வெப்பக்காப்பு இடும் தொழிலாளர் இருவர் வெளியூர் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பும் பயணத்துக்கும் அதற்கு முன் உறங்குவதற்கும் சேர்த்தே நிறுவனம் கூலி தந்தது. அவர்களோ விடிய விடிய உழைத்து வேலையை முடித்துவிட்டு, கண் மூடாமல் காரை எடுத்தார்கள், விபத்து நேர்ந்தது. கூலியுள்ள நேரத்தில் நடந்த பயணம் வேலையின் பகுதியே, நிறுவனம் பொறுப்பு என்றது அவை. தீர்ப்பு சரியானது. எனினும் என்னை உறுத்துவது அது தொடாமல் விட்ட பக்கம். உறக்கத்துக்குக் காசு கொடுத்த நிறுவனம் அவர்கள் உறங்கினார்களா என்று பார்க்கவில்லை. படி கொடுப்பதோடு கடமை தீர்ந்தது என்ற எண்ணம் அங்கும் இருந்திருக்கிறது.

அந்த எண்ணத்தை உடைத்தது பெரு நாட்டு விபத்து. லண்டன் நிதி நிறுவனம் ஒன்றின் ஊழியர், நீர்மின் திட்டத்துக்கான இடத்தைப் பார்வையிட்டுவிட்டு 2012 ஜூனில் வாடகை ஹெலிகாப்டரில் குஸ்கோவுக்குத் திரும்பும் வழியில் ஆண்டிஸ் மலையில் மோதி இறந்தார்; அதிலிருந்த 14 பேரும் மாண்டனர். ஹெலிகாப்டரை ஏற்பாடு செய்தது அந்த நிறுவனம் அல்ல, ஓட்டியதும் அதன் ஆள் அல்ல. இருந்தும் நீதிமன்றம் அதைப் பொறுப்பாக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 இல் அதை உறுதி செய்தது. பயணம் பாதுகாப்பானதுதானா என்ற அடிப்படை விசாரணையைக்கூட நிறுவனம் செய்யவில்லை, செய்திருந்தால் அவர் ஏறியிருக்க மாட்டார் என்பதே காரணம். கேள்வி விபத்துக்குப் பின்னிருந்து முன்னுக்கு நகர்ந்ததே இத்தீர்ப்பின் பெறுமதி. பெருவின் மலைக்குப் பொருந்தும் இந்த அளவுகோல் வாழப்பாடி புறவழிக்குப் பொருந்தாது என்று வாதிட எனக்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை.

ரெப் தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்பவர், அவரை எப்படிக் கண்காணிப்பது என்ற மறுப்பு வரும். ஜி.பி.எஸ். செயலி வைத்து அவர் எந்தக் கிளினிக்கில் எத்தனை மணிக்கு இருந்தார் என்று பார்க்க முடிகிற நிறுவனங்களுக்கு இந்த வாதம் அழகல்ல. சட்டத்திலும் முன்மாதிரி உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தம் ஊழியர் செல்லும் எந்த இடத்தையும், முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தையும் பணியிடம் என்றே வரையறுத்து, தடுப்புக் கடமையை முதலாளி மேல் வைக்கிறது. பேருந்து, லாரி ஓட்டுநருக்கு 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வரம்பு விதித்தது. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவில் 50 கிலோமீட்டர் பைக் ஓட்டுபவர் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஓட்டுநரே அல்ல.

இழப்பீட்டு ஆணையரும் தீர்ப்பாயமும் பணிப்பயண மரணங்களில் மூன்று ஆவணங்களைக் கட்டாயம் வரவழைக்கலாம்: அந்த மாத டூர் புரோகிராம், அதற்கு ஒப்புதல் தந்த மின்னஞ்சல், நிறுவனத்தின் எக்ஸ்-ஸ்டேஷன் பட்டியல். இழப்பீட்டுத் தொகை இதனால் ஒரு ரூபாயும் கூட வேண்டியதில்லை. ஒப்புதலுக்கு ஒருவர் பெயரோடு பதில் சொல்ல நேரும் என்று தெரிந்தாலே, ‘இரவு எட்டு மணிக்கு மேல் மருத்துவர் சந்திப்பு இருந்தால் அவ்வூர் அவுட்-ஸ்டேஷன்’ என்ற ஒற்றை வரி படி விதிகளில் நுழைந்துவிடும். செலவு கூடும் என்பது நிஜம். ஆத்தூரில் ஓர் இரவு லாட்ஜ் வாடகை, நான்கு மருத்துவர்களுக்குத் தரும் சாம்பிள்களின் விலையைவிட அதிகமாக இருக்கலாம். அந்தச் செலவை இன்று யார் சுமக்கிறார்கள் என்பதை நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் காட்டாது.