பாண்டியர் பரிகளும் சேணமும்

திருவாதவூரடிகள் பாண்டியன் பொருட்டுக் குதிரை கொள்ளப் பொன்னொடு சென்ற வரலாறு சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததேயாம். அங்ஙனம் கடல்வழிப் போந்த பரிகட்கு இந்நாட்டார் எத்தகைய சேணமும் அங்கவடியும் பூட்டினர் என்பதோ பலரும் கருதாது விட்டதொரு செய்தி.

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில், இந்நாட்டுக் குதிரை வாணிகம் பெரிதும் ஓங்கியிருந்தது. அதனைப் பாரசீக ஆசிரியராகிய வாசப் விரித்துரைக்கின்றார். ஜமாலுத்தீன் என்னும் வணிகத் தலைவர் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்புவதென்றும், ஒன்றன் விலை 220 செம்பொன் தீனார் என்றும் உடன்படிக்கை நிகழ்ந்ததாம். வழியில் இறந்தனவற்றிற்கும் பாண்டியனே விலை கொடுத்தல் வேண்டும். திருவிளையாடற் புராணம் கூறும் வழக்கோ வேறு. கயிறு மாறிய பின்னரே குதிரையின் நன்மை தீமைகள் கொண்டாரைச் சாரும்; அதுகாறும் விற்றாரையே சாரும். கடலில் மாண்ட பரிக்குக் கயிறு மாறுவது யாங்ஙனம்? வணிகர் தம் ஊதியத்தை நன்கு காத்துக்கொண்டனர் என்க.

இத்துணைப் பொன் கொடுத்துக் கொண்ட குதிரைகளை இந்நாட்டார் பேணிய முறையை வாசப் இகழ்கின்றார். வறுத்த வாற்கோதுமையும், நெய் கலந்த கூலமும், காய்ச்சிய ஆவின்பாலும் ஊட்டி, முளையடித்துக் கயிற்றாற் பிணித்து நாற்பது நாள் கொட்டிலில் நிறுத்துவராம். பின்னர்ப் பயிற்சியின்றி, அங்கவடி முதலிய ஊர்தற்குரிய கருவிகளுமின்றி, வீரர் பேய்போல் ஏறிச் செலுத்துவராம். அதனாற் சின்னாளில் அவை வலியிழந்து பயனற்றொழியும் என்பது அவர் கூற்று.

இதனை முற்றும் கொள்ளுதல் சாலாது. வாசப் அணிநடையில் மிகுத்துக் கூறும் இயல்பினர். பாசறைக்கண் மழையில் நின்ற போர்க்குதிரைகளின் பருமத்தை நெடுநல்வாடை முன்னரே கூறியுள்ளது, பருமமாவது சேணம். ஆகலின் கருவியே அறியாத நாடென்றல் பொருந்தாது. ஆயினும் அப்பாட்டிலும் அங்கவடி பேசப்படவில்லை. காலூன்ற அஃதின்றி விரைபரியில் அமர்வோன், நிலைதளராமைப் பொருட்டுக் கடிவாளத்தையே பற்றி ஈர்ப்பன்; குதிரையின் வாய் புண்படும். இவ்வளவில் வாசப் கூறியது புறக்கணிக்கத் தக்கதன்று.

இனி, சைவர்க்கு வருத்தந் தருவது மற்றொன்று. முன்னொரு காலத்து ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் வந்தனவென்றும், அவற்றின் விலையாகிய 22,00,000 தீனாரும் கோயில் நிலங்களின் வருவாயினின்றும் கோயிற் கணிகையர் மீதிட்ட வரியினின்றுமே கொடுக்கப்பட்டதென்றும் வாசப் எழுதுகின்றார். வாதவூரடிகள் குதிரைக்கென வைத்த பொன்னைத் திருப்பெருந்துறைத் திருப்பணிக்கு ஆக்கினார். இங்கே கோயிற்பொன் குதிரைக்காயிற்று.

வெனிசு நகரத்து மார்க்கோ போலோவும் இக்குதிரைகளின் அழிவைக் கண்டு வியக்கின்றார். ஓரரசன் ஓராண்டிற் கொண்ட ஈராயிரத்தில் ஆண்டிறுதியில் நூறுதானும் எஞ்சுவதில்லையாம். பரிமருத்துவர் இந்நாட்டில் இலர். குதிரை கொணரும் வணிகர் அன்னோரை உடன் கொணராமையோடு, பிறர் வாயிலாக வருதலையும் தடுத்தனர். குதிரைகள் மாண்டாலன்றோ அடுத்த ஆண்டும் விலைபோகும்!