தரகரின் சொல்லும் உறுதியின் எழுத்தும்



வளைகுடா நாடொன்றில் பல்லாண்டு உழைத்துப் பாலமுனைக்குத் திரும்பிய என் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். “சேர், இனிக் கடல் கடந்து போக மனமில்லை. காணித் தரகு செய்யலாமென்று நினைக்கிறேன். அதற்கு என்ன படிக்க வேண்டும்?” என்று வினவினார். தரகுக்கும் படிப்பா என்று உடனிருந்தோர் நகைத்தனர். எனக்கோ அவ்வினா மிகப் பொருத்தமுடையதாகத் தோன்றிற்று. அதற்குரிய விடை வரலாற்றிலே உள்ளது.

நம் கரையோரத்தில் வயலை அவணக் கணக்கிற் சொல்வதும், வரம்பையும் வாய்க்காலையும் காட்டி எல்லை குறிப்பதும் நெடுநாளைய வழக்கம். இன்னாருடைய காணி இதுவென்பதை ஊரே அறிந்திருந்தமையால், தரகரிடம் வேண்டப்பட்டது நாணயம் ஒன்றே.

ஆங்கிலேயர் ஆட்சியிலே, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. காணி விற்பனை எழுத்தில் அமைதல் வேண்டும். நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் ஒருங்கே இருக்கக் கையொப்பமிடப்படுதல் வேண்டும். இன்றேல் அது செல்லாது. இன்றும் நடைமுறை இதுவே. பின்னர், 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கப் பதிவுச் சட்டம் மற்றொரு விதியை வலியுறுத்திற்று. முந்தி எழுதிய உறுதியாயினும் பதியப்படாது கிடந்தால், வஞ்சனையின்றி விலை கொடுத்துப் பிந்தி வாங்கி முந்திப் பதிந்தவருடைய உறுதிக்கு அது தோற்கும். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டமோ, அரசு உத்தரவுப் பத்திரத்தில் வழங்கிய காணியை உடையவர் தம் எண்ணப்படி விற்பதைத் தடுத்தது.

ஆகவே நாணயமுள்ள தரகரும் அறியாமையால் ஒரு குடும்பத்தைக் கெடுத்தல் கூடும். நம் பகுதியில் வீடும் வளவும் பெண்மக்களுக்கே சீதனமாகச் செல்கின்றன. வாயாற் கொடுத்துவிட்டு உறுதி முடிக்காது விடுவாரும் உளர். அத்தகைய வளவைத் தந்தையின் பெயரிலுள்ள பழைய உறுதியை மாத்திரம் பார்த்து விலைபேசினால், வாங்குபவர் பணத்தை இழப்பார். அல்லது மகள் வீட்டை இழப்பாள்.

எழுத்தின் அருமையை 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நமக்கு உணர்த்திற்று. வீடுகளோடு உறுதிகளும் அள்ளுண்டு போயின. எனினும் நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் பிரதியும் காணிப் பதிவகத்துக்குச் செல்வதால், உரிமையை நிறுவ வழி இருந்தது. கிழக்கில் கடலோரம் 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாதென அரசு முதலில் அறிவித்தபோது, மக்கள் மேற்கே காணி தேடினர். உறுதிக் காணி எது, உத்தரவுக் காணி எது என்று பிரித்தறியும் தரகரின் பயன் அக்காலத்தே நன்கு விளங்கிற்று.

வெளிநாடுகள் சில இவ்வறிவைத் தேர்வு வைத்தே வேண்டுகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1917 இல் இயற்றிய தரகர் அனுமதிச் சட்டம் நீதிமன்றத்தில் விழுந்தது. 1919 இல் இயற்றியது நிலைத்தது. சிங்கப்பூரில் 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேர்ச்சி பெற்றுப் பதிந்தவரே தரகு செய்யலாம். வீடு விற்ற பணத்தை அவர் தம் கையில் வாங்கலாகாது. ஒரே கொள்வனவில் இரு தரப்பாருக்கும் நிற்கலாகாது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுக்குரிய கட்டுமானத் திட்டங்களில் மனையோ வீடோ விற்றுக்கொடுக்கும் முகவரும் பதிவு பெறவேண்டுமென விதித்தது. அனுமதிப் பத்திரம் என்பது தரகர்க்குச் சூட்டும் பட்டமன்று. அவரை நம்புவோர்க்கு அளிக்கும் காப்பு.

நம்மூரிலோ தரகு இன்னும் பெரும்பாலும் அறிமுகத்தாலேயே நடைபெறுகின்றது. ஆகவே என் மாணாக்கருக்கு யான் கூறியது இது: “தம்பி, முதலில் பதிவகத்துக்குப் போய் ஒரு காணியின் முப்பதாண்டு வரலாற்றைத் தேடிப் படியுங்கள். அளவைப் படத்தோடு நிலத்தை ஒப்புநோக்கப் பழகுங்கள். அவ்வளவில் வாழும் பெண்ணை ஒரு வார்த்தை கேளுங்கள். இருபுறமும் தரகு வாங்குவதாயின் அதனை இருவரிடமும் சொல்லிவிடுங்கள். அதன் பின்னர் விலை பேசுங்கள்.”

அவர் குறிப்பேடு ஒன்றை எடுத்து இவற்றை எழுதிக்கொண்டு சென்றார். நகைத்தவர்களுள் ஒருவரும் தம் வீட்டு உறுதி பதியப்பட்டுள்ளதா என்று பார்க்க மறுநாள் பதிவகத்துக்குச் சென்றதாக அறிந்தேன்.