கள்ளி அழுகல்

தொட்டிக் கள்ளிகளின் வேரும் தண்டும் நீர்கோத்து இளகி மடியும் நோய். ஒரே கிருமியால் வருவதன்று. பல நுண்ணுயிர்கள் விளைவிக்கும், ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள கேடு. பெரும்பாலும் மண்ணுக்குள் தொடங்கி மேலேறுவதால், தண்டின் அடி பழுப்பாகி விரல் பட்டு அமுங்கும்போது வேர் ஏற்கெனவே போயிருக்கும்.

பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தின் விரோத்ஸ்வாஃப்) ஹெர்மன் லெபெர்ட்டும் ஃபெர்டினாண்ட் கோனும் அழுகிய கள்ளித் தண்டுகளை ஆராய்ந்து, 1870இல் அதன் கிருமிக்குப் பெரனோஸ்போரா காக்டோரம் என்று பெயரிட்டனர். கட்டுரை வெளியானது கோன் நிறுவிய இதழில்; ராபர்ட் கோக்கின் புகழ்பெற்ற அடைப்பான் நோய் ஆய்வு 1876இல் வந்ததும் அதே இதழில்தான். அந்த 1876இலேயே உருளைக்கிழங்குக் கருகலின் கிருமிக்காக ஆண்டன் டி பாரி ஃபைட்டாஃப்தோரா என்னும் பேரினத்தை வகுக்க, 1886இல் ஷ்ரோட்டர் கள்ளிக் கிருமியையும் அதில் சேர்த்தார். ஆப்பிள் மரத்தின் அடிப்பட்டையையும் ஸ்ட்ராபெரிப் பழத்தையும் அழுக வைப்பது இதுவே எனப் பின்னர் தெரிந்தது. உழவருக்கு இழப்பு அங்கேதான். பெயர் மட்டும் கள்ளியோடு நின்றுவிட்டது. நெடுங்காலம் பூஞ்சைகளோடு எண்ணப்பட்டாலும் இது பூஞ்சை இனமன்று. செல்சுவர் செல்லுலோஸால் ஆனது. பழுப்புப் பாசிகளுக்கே நெருங்கிய உறவு. இதன் வித்துகள் நீரில் நீந்திச் சென்று வேரைத் தொற்றுகின்றன. ஆகவே அடியில் துளையில்லாத அழகுத் தொட்டியே இதற்கு ஏற்ற இடம்.

மற்றவற்றுள் ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் காயம்பட்ட வேர் வழியே புகுந்து, தண்டின் சாற்றுக்குழாய் வளையத்தைச் செம்பழுப்பாக்கும். பாக்டீரியா புகுந்தால் தண்டு கூழாகி நாறும். அரிசோனாவின் ராட்சதக் கள்ளியான சவாரோவின் அழுகலுக்குக் காரணமென எர்வினியா கார்னிகியானா 1942இல் விவரிக்கப்பட்டது. உண்மையில் அது உறைபனியால் மடிந்த திசுவில் பின்னர் குடியேறுவதே.

அடி அழுகிய செடியைக் காப்பாற்ற அழுகலுக்கு மேலே வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். வெட்டுமுகம் பச்சையும் வெண்மையுமாகத் தெரிந்தால் போதாது. நடுவளையத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி இருந்தாலும் இன்னும் ஒரு சில்லு சீவ வேண்டும். இங்கே இரக்கம் காட்டினால் செடி போய்விடும். வேர் அந்த வளையத்திலிருந்தே விடும். காயும்போது நடுப்பகுதி உள்வாங்குவதால் ஓரங்களைச் சாய்வாகச் சீவுவர். வெட்டுமுகத்தில் கந்தகப்பொடி தூவ வேண்டும். இலவங்கப்பட்டைத் தூள் வீட்டு வழக்கமே தவிர அதற்கு ஈடாகாது. பிறகு நிழலில் நிமிர்த்தி வைத்து, மெல்லிய தண்டை ஒரு வாரமும் பருத்ததைச் சில வாரங்களும் உலர்த்தி, காய்ந்த மணல் கலவையில் நட வேண்டும். வேர் விடுமுன் தண்ணீர் கூடாது. தண்டில் உள்ள நீரே போதும்.

உச்சி அழுகினால் அதை மட்டும் வெட்டியெடுக்கலாம். கீழே முள் கிளம்பும் பஞ்சுப் புள்ளிகளிலிருந்து குட்டிகள் வரும். பச்சையமில்லாத சிவப்பு உருண்டைக் கள்ளியை (ஜப்பானில் எய்ஜி வாதனபே 1941இல் உருவாக்கியது) வேர்விட வைத்துப் பயனில்லை. அதற்குத் தனியே உணவு தயாரிக்க முடியாது. டிராகன் பழக்கொடியின் இனத்தண்டில் மீண்டும் ஒட்டுக் கட்ட வேண்டும். திருகுக்கள்ளி, சதுரக்கள்ளி ஆகியவை பெயரில் கள்ளியானாலும் வேறு குடும்பம். வெட்டினால் வடியும் பால் கண்ணில் படக்கூடாது.

தென் கொரியா இன்று ஒட்டுக்கள்ளிகளை ஏற்றுமதி செய்கிறது. அங்கு பைப்போலாரிஸ் காக்டிவோரா என்னும் பூஞ்சையின் தண்டழுகல் உண்டு.