அப்வேர்டு (பொறியியல் கலந்தாய்வு)

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில், கிடைத்த இடத்தை விட்டுவிடாமல் அதைவிட விருப்பமான பாடப்பிரிவுக்குக் காத்திருக்கும் முறை. இப்போதைய வடிவம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது.

தரவரிசைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200 மதிப்பெண். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியலை முதல் விருப்பமாகவும் வேறொரு கல்லூரியின் சிவிலை ஒன்பதாவதாகவும் பதிந்தவருக்குச் சிவில் ஒதுக்கப்பட்டதாகக் கொள்வோம். அவர் அதை ஏற்று, சேவை மையத்தில் பணம் கட்டி, மேலுள்ள எட்டில் ஒன்று காலியாகுமா என்று பார்க்கலாம். குறித்த நாளுக்குள் சேராதவர்கள் விட்ட இடங்களே இப்படிக் காத்திருப்போருக்குப் போகின்றன. மேலேறினால் பழைய இடம் தானாக ரத்து; திரும்ப வழியில்லை. ஆகவே, மனமில்லாத பிரிவைப் பேருக்காக மேலே போட்டுவைப்பது வம்பு.

பொறியியல் வரிசையைத் தவிர, பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் குப்பங்களின் பிள்ளைகளுக்கு மீன்வளப் படிப்பு என்ற இன்னொரு வரிசையும் உண்டு. பக்கத்துப் பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டப்படிப்பில் மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரு படிப்புகளுக்கும் பொருந்தும். ஆனால் மீன்வளப் படிப்பு, நாகப்பட்டினத்தில் 2012-இல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. அந்தப் படிப்புக்கு விண்ணப்பமும் தரவரிசையும் தனி. பொறியியல் அப்வேர்டு அங்கே செல்லாது.